வீட்டுச் சத்தம் விழாத மைக்

மைக் விற்கிறவனுக்கு விதித்தது, காலையில் கடை திறந்ததிலிருந்து "ஹலோ, ஹலோ, ஒன், டூ, த்ரீ" என்று ஊரே சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பதுதான். கல்லாவுக்கு உள்பக்கம் நின்று பிழைக்கிற என் இனத்தாரே, புடவை எடுத்துப் போடுகிறவர்களே, செருப்பு மாட்டி விடுகிறவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். நாமக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ரசாக் பாய் கடையில் நான் மைக் எடுத்துக் கொடுக்கிறவன்.

கோழிக் கச்சேரி

வீட்டிலேயே பாடிப் பதிவு செய்ய வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது கண்டென்சர் மைக். வீடியோவில் யாரோ சொல்லியிருப்பார்கள். அது நல்ல மைக்தான். ஆனால் அதற்குக் காது ரொம்ப நீளம். வாயில் வருவதோடு, அடுப்படியில் தாளிப்பதும் தெருவில் போகிற வண்டியும் சேர்ந்து விழும். மேடை மைக் அப்படியில்லை. வாய்க்கு ஒட்டினாற்போல் இருப்பதை மட்டும் வாங்கும். இதை நான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். கேட்கிறவர் யார்?

கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் கேட்கவில்லை. பண்ணைக்குள்ளேயே வீடு. கண்டென்சர்தான் வேண்டும் என்று பிடிவாதமாக வாங்கிப் போனார். இரண்டு நாளில் திரும்பி வந்து, பதிவைப் போட்டுக் காட்டி, கோபமும் வெட்கமுமாக என்னிடம் சொன்னது: "ஏனுங்க, இதுல என்ற குரலை உட, கோழிதானுங்க சுருதியோட பாடுது."

தறி நின்றால்

எடப்பாடியிலிருந்து ஒரு அம்மா. விசைத்தறி ஓட்டுகிறவர். தறிச் சத்தத்துக்கு மேலே குரல் எடுத்துப் பாடியே பழகினவர். வெளிநாட்டில் இருக்கிற மகன், அம்மா பாட்டு வேண்டும் என்று கேட்டானாம். தறியை நிறுத்திவிட்டுப் பாடுங்கள் என்று யோசனை சொல்லி அனுப்பினேன். நல்ல யோசனை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அடுத்த வாரம் மைக்கைத் திருப்பிக் கொடுக்க வந்தார். பழுதா என்றேன். இல்லை, சுத்தமாக விழுகிறது என்றார். பிறகு ஏன் என்று கேட்டதற்கு, பையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "தறியை நிறுத்திப்போட்டுப் பாடுனா, எனக்கே நான் ஆரோ மாதிரி இருக்குதுங்க தம்பி."

எந்திரி சாமி

முருகேசன் எருமப்பட்டிக்காரர். லாரி பாடி கட்டுகிற பட்டறையில் பெயின்டர். திருவிழா வந்தால் ஓர் இன்னிசைக் குழுவில் பாடுவார். ஒரு நாள் மத்தியானம் வந்து, வீட்டில் வைத்துப் பாட ஒரு மைக் வேண்டும் என்றார். தொண்டையில் கட்டியாம். குரல்வளையை எடுத்தாக வேண்டுமாம். அதற்குப் பிறகு பேச்சு வராதாம். லாரிக்கு இன்னொரு கோட்டு பெயின்ட் அடிக்க வேண்டியிருக்கிறது என்கிற மாதிரிதான் சொன்னார். நான்தான் தப்பான பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

அவருக்கு ஒரே மகள், யாழினி. ஒன்றாம் வகுப்பு. மனைவி செல்வி விடிவதற்கு முன்பே பண்ணைக்கு முட்டை பொறுக்கப் போய்விடுவார். அதனால் குழந்தையை எழுப்பிக் குளிப்பாட்டிச் சடை பின்னி ஸ்கூல் வேனில் ஏற்றுவது முருகேசன் வேலை. பாட்டுப் பாடினால்தான் அவள் தலையை ஆட்டாமல் உட்காருவாளாம். அந்தப் பாட்டுகளை எல்லாம் ஆபரேஷனுக்கு முன்னால் அவளுக்குப் பதிந்து வைக்க வேண்டும்.

சோதிக்கச் சொல்லி மைக்கை நீட்டினேன். ஒன், டூ, த்ரீ சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "யாழினி, எந்திரி சாமி, வேன் வந்துரும்" என்றார். கடையில் இருந்தவர்கள் அவரவர் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். கல்லாவில் இருந்த பாய் என்னைப் பார்த்துச் சொன்னார்: "இருக்கறதுலயே நல்லதா எடுத்துக் குடு தம்பி."

ரெக்கார்டிங் ஓடுது

இருக்கிறதிலேயே நல்லது கண்டென்சர். அதன் காது நீளத்தைச் சொல்லித்தான் கொடுத்தேன். ஆனாலும் அடுத்த வாரம் மைக்கும் பென்டிரைவுமாக வந்துவிட்டார். கீபோர்டு வாசிக்கிற நண்பரின் லேப்டாப்பில் பதிந்ததாம். எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. திருப்பித் தருகிற மைக்கின் பதிவைப் போட்டுக் கேட்டு, கம்பெனிக்காரர்களிடம் காட்ட ஒரு நகலைக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்வோம். போட்டேன். பாட்டு நன்றாகத்தான் ஆரம்பித்தது. நடுவில் ஒரு தட்டு விழுந்தது. ஆடு கத்தியது. "அப்பா, சடை போட்டு உடு" என்று ஒரு குரல். "இரு சாமி, இதா வாரேன்" என்று இவர் குரல். அப்புறம் வேன் ஹாரன். அதோடு பாட்டு போயிற்று.

மேடை மைக்கை மாற்றிக் கொடுத்தேன். எதற்கும் வீட்டில் கொஞ்சம் அமைதியாக இருக்கச் சொல்லுங்கள் என்றேன். அவர் அதை முன்பே யோசித்து வைத்திருந்தார். மைக்கைத் துண்டில் சுற்றிக்கொண்டு சொன்னார்: "பாப்பாகிட்டக் கண்டிசனாச் சொல்லிப்போட்டனுங்க, ரெக்கார்டிங் ஓடுது, அப்பா சொல்றவரைக்கும் வாயே தொறக்கக் கூடாதுன்னு."

அப்பா சொன்னாத்தான்

ஆபரேஷன் முடிந்து பல வாரம் கழித்து மூன்று பேரும் வந்தார்கள். முருகேசன் கழுத்தில் துணி சுற்றியிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார், கையைத் தூக்கினார், அவ்வளவுதான். யாழினி அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சடை ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. மிட்டாய் வேணுமா என்று பாய் கேட்டதற்கு, அம்மாவின் காதைத் தேடிப் பிடித்துக் குசுகுசுவென்று ஏதோ சொன்னாள்.

பாட்டெல்லாம் ஒரு குறையும் இல்லாமல் விழுந்திருந்ததாம். குழந்தை ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு, "இது டிவியில பாடறவங்க" என்று சொல்லிவிட்டதாம். அதுகூடப் பரவாயில்லை. செல்வி அழுதுகொண்டே சொன்னார்: "பாப்பா ஊட்டுல இன்னும் பேச மாட்டேங்கறாளுங்க. எல்லாங் காதுக்குள்ளதான். ரெக்கார்டிங் முடிஞ்சு போச்சு, பேசு சாமின்னா, அப்பா சொன்னாத்தான்ங்கறா. அவரு எப்படிங்க சொல்லுவாரு?"

புகார்ப் பதிவு

முருகேசன் கடைக் கம்ப்யூட்டரைக் காட்டினார். பிறகு தன் வாயைக் காட்டினார். எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. பென்டிரைவிலும் நண்பரின் லேப்டாப்பிலும் இருந்ததை அழித்துவிட்டுத்தான் நல்ல பாட்டுகளைப் பதிந்தாராம், செல்வி சொன்னார். அவர் கையிலிருப்பது பட்டன் போன். மகளோடு அவர் பேசின பேச்சு என்று மிச்சம் இருந்தால், அது எங்களிடம்தான் இருக்க வேண்டும். பாய் எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். தேடினேன். அழிக்காமல் இருந்தது.

பெரிய ஸ்பீக்கரில் போட்டேன். பாட்டு, தட்டு, ஆடு. "அப்பா, சடை போட்டு உடு." "இரு சாமி, இதா வாரேன்."

"நீ இப்படித்தான் சொல்லுவ, வேன் போயிரும்!" என்று யாழினி கடையே அதிரக் கத்தினாள். கத்திவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, அப்பாவைப் பார்த்துப் பயந்து நின்றாள். முருகேசன் அந்தக் கைகளை மெல்ல எடுத்துவிட்டார். ஸ்டூலில் உட்கார்ந்து, அவளைத் திருப்பி முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி, கோணல் சடையை அவிழ்த்தார். அவருடைய உதடு அசைந்தது. கழுத்துத் துணிக்குள்ளிருந்து காற்றுத்தான் வந்தது. பாய் திரும்பி நின்று கண்ணாடியைத் துடைத்தார். எனக்குத் துடைக்கக் கண்ணாடியும் இல்லை. குழந்தை கொஞ்ச நேரம் பாட்டுக்காகக் காத்திருந்து தலையை ஆட்டாமல் நின்றாள். அப்புறம் திரும்பாமலே, நல்ல சத்தமாகச் சொன்னாள்: "சரி, நீ சடை போடுப்பா, பாட்டு நான் பாடறேன்."

இப்போதெல்லாம் வீட்டுச் சத்தம் விழாத மைக் எது என்று கேட்டு வருகிறவர்களிடம், அந்தச் சத்தத்தை முதலில் ஒரு தடவை பதிந்து வைத்துவிட்டு அப்புறம் வாருங்கள் என்று நான் திருப்பி அனுப்ப, வியாபாரத்தைக் கெடுக்கிறேன் என்று பாய் முறைக்கிறாரே ஒழிய, ஒருநாளும் வாயைத் திறந்து தடுத்ததில்லை.