கூரையில்லாத காருக்கு நாங்கள் சீட் பார்த்தது

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து என் மகள் பத்மா வீடியோவில் வந்தாள். "நைனா, கண்ணாடி போட்டுக்கினு உக்காரு. உனக்கு ஒரு வேலை வச்சிருக்கேன்" என்றாள். அவளும் மாப்பிள்ளையும் கார் வாங்கப் போகிறார்களாம். சாதாரணக் கார் இல்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் கூரை மடிந்து பின்னால் போய் ஒளிந்துகொள்கிற ஸ்போர்ட்ஸ் கார். என் போனிலேயே அதைக் காட்டினாள். அவள் அங்கே விரலால் தொட, இங்கே சீட் நிறம் மாறுகிறது. தையல் நூலுக்குத் தனி நிறம், சீட் பெல்ட்டுக்குத் தனி நிறம். "எந்த சீட் நல்லாகீது, சொல்லு" என்றாள்.

சிக்னல் போய்விட்டதென்று நினைத்து, "நைனா, கேக்குதா?" என்று கத்தினாள். நன்றாகவே கேட்டது. ஆனால் எனக்கு மாம்பழக் கூழ் வாசனை வந்துவிட்டது.

கார் சீட்டுக்கும் மாம்பழக் கூழுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்கிறேன். நான் அந்தக் காலத்தில் சித்தூரில் ஒரு மாம்பழக் கூழ் பேக்டரியில் இருந்தேன். சீசன் வந்துவிட்டால் வாசலில் லாரி லாரியாகக் கிளிமூக்கு மாம்பழம் நிற்கும். கூழ் எடுத்து டப்பாவில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். அந்த வாசனை சட்டையில் ஏறினால் சோப்புக்கும் அடங்காது. பஸ்ஸில் நான் ஏறினால் ஈயும் கூடவே ஏறும். பக்கத்து சீட்காரர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். வீட்டுக்குப் போனால் என் சம்சாரம் அலமேலு வாசலிலேயே நிறுத்துவாள். "குளிச்சிட்டு சாமி ரூமுக்குப் போங்க. போன வாரம் பெருமாள் படத்து மேல எல்லாம் எறும்பு." அலமேலு திருவடி சேர்ந்து வருகிற மார்கழிக்கு மூன்று வருஷம்.

டப்பா மூடுகிற புது மிஷினை மாட்ட ஒரு வருஷம் ஒரு வெள்ளைக்காரர் வந்தார். எட்டாவது வரை படித்த எனக்கு, அவருக்கு வேளாவேளைக்குக் கொதிக்க வைத்த தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கிற உத்தியோகம். பாவம், வாழைப்பழமும் தயிர்சாதமும் தவிர வேறெதுவும் அவர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சாப்பிடும்போது ஒரு தடித்த புத்தகத்தை விரித்து வைத்துக்கொள்வார். நான் ஏதோ வேதப் புத்தகம் என்று நினைத்துக் கொஞ்சம் ஒதுங்கியே நிற்பேன். ஒரு நாள் கூப்பிட்டுக் காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் கூரையில்லாத கார்! ஊருக்குத் திரும்பியதும் அதைத்தான் வாங்கப் போகிறாராம். வேலை முடிந்து கிளம்புகிற அன்று, அவருடைய கார் முடிவாகிவிட்டதோ என்னவோ, புத்தகத்தை என் கையில் வைத்து முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

அதை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் கார் வாங்குகிற வேலைதான். வீட்டில் சைக்கிள்கூட இல்லை, அது வேறு விஷயம். அலமேலு பத்தாவது படித்தவள். இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படிப்பாள். புரியாத வார்த்தையைக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பாள். திங்கட்கிழமை சூப்பர்வைசரிடம் கேட்டு அர்த்தம் கொண்டுவருவது என் பொறுப்பு.

நடுவில் ஒரு பக்கத்தில் சீட்டுக்கான தோலை விரல் அகலத்துக்கு வெட்டி வரிசையாக ஒட்டியிருந்தார்கள். மழமழவென்று இருக்கிறதே என்று அலமேலு தடவித் தடவிப் பார்த்தாள். தோல் என்று நான் சொன்னதும் கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"மாட்டுத் தோலுங்களா? ஐயோ, தொட்டுட்டேனே! வெள்ளிக்கிழம திருச்சானூர்த் தாயார் கோயிலுக்கு இது மேல உக்காந்துக்கினா போறது?"

கையைக் கழுவிக்கொண்டு வந்து துணி சீட் உள்ள பக்கத்தைத் திருப்பினாள். அதில் கட்டம் போட்ட துணி. "இது உங்க லுங்கியாட்டம் கீதே" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அதைத்தான் முடிவு செய்தாள். சீட்டைச் சூடு பண்ணுவதற்கு ஒரு சுவிட்ச் உண்டு என்று சூப்பர்வைசர் சொன்னதை வந்து சொன்னபோது அவள் நம்பவே இல்லை. "சித்திரை மாசம் நம்ம ஊர்ல வெயில்ல நிறுத்தினா தானா சுடும். அதுக்கு ஒரு சுவிட்சா? அந்த ஆளு உங்கள ஏமாத்தறாரு."

வண்டியில் பெருமாள் படம் எங்கே வைப்பது என்று இரண்டு ஞாயிறு யோசித்தோம். கடிகாரத்துக்குப் பக்கத்தில் என்று முடிவாயிற்று. பூ வைத்தால் காற்றில் பறந்துவிடும், அதனால் துளசி மட்டும். திருமலையில் மொட்டை போட்டுக்கொண்டு கூரையில்லாத வண்டியில் திரும்பினால் தலையில் பூசிய சந்தனம் காய்ந்து பின்னால் வருகிறவன் கண்ணில் விழும், சண்டைக்கு வருவான் என்றாள். எனக்குத் தோன்றுமா இதெல்லாம்!

ஒன்று மட்டும் எனக்குப் புரியாமல் இருந்தது. எந்த வண்டியைக் காட்டினாலும், "கூரை மூடின படம் இருக்குதா பாருங்க" என்பாள். அந்தப் படத்தை ரொம்ப நேரம் உற்றுப் பார்ப்பாள். "துணிக் கூரைதானுங்களா இதுவும்?" என்று கேட்பாள். வெயிலுக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கூரை இல்லாததுதானே அந்த வண்டிக்கு அழகு என்று கேலியும் செய்தேன்.

கடைசித் தாளில் ஆர்டர் பாரம். சின்னச் சின்னக் கட்டங்கள். வேண்டியதில் டிக் போட வேண்டும். அலமேலு பென்சிலால் போடுவாள், அடுத்த வாரம் ரப்பரால் அழித்து வேறு போடுவாள். ஆனால் ஒரு கட்டத்தை மட்டும் அவள் அழித்ததே இல்லை. இரண்டு சீட் போதுமா, பின்னால் சின்ன சீட்டும் வேண்டுமா என்று கேட்கிற கட்டம். பின் சீட் வேண்டும் என்றே எப்போதும் இருக்கும்.

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். குழந்தை இல்லை. குழாயடியில், கோயிலில், ரேஷன் கடையில், "இன்னா அலமேலு, விசேஷம் ஒண்ணுமில்லயா?" என்று கேட்காதவர் கிடையாது. "அவர் விட்ட வழி" என்று மேலே கையைக் காட்டிவிட்டு வந்துவிடுவாள். என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேசியதில்லை. பேசாமல் இருப்பதே பெரிய தைரியம் என்று நினைத்துக்கொண்டிருந்த வயசு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குக் குஷி. அன்றைக்கு ஆர்டரை முடித்தே விடுவது என்று இங்க் பேனாவை எடுத்தேன். என் பேர், எங்கள் வாடகை வீட்டு விலாசம் எல்லாம் எழுதினேன். துணி சீட், டிக். சுடுகிற சுவிட்ச், வேண்டாம். அலமேலு முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே பார்த்திருந்தாள். அந்தக் கட்டம் வந்தது. பின் சீட் இல்லாத வண்டிதான் படத்தில் ஒல்லியாக, பாய்கிற மாதிரி இருக்கும். நான் இங்க்கில் டிக் போட்டுவிட்டு, "ரெண்டு சீட் போதும். பின்னாடி உக்கார யாரு கீறாங்க?" என்றேன்.

முறம் நின்றது.

"ஆமா. யாரு கீறாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வாயிலிருந்து போன பிறகுதான் அது என்ன வார்த்தை என்று எனக்கே தெரிந்தது. பிளேடு எடுத்து அந்த டிக்கைச் சுரண்டினேன். இங்க் போகவில்லை, தாளில் ஓட்டை விழுந்தது. அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் அவள் பேசாமலும் இல்லை, பேசவும் இல்லை. தண்ணி வச்சிருக்கேன், சாப்பாடு ஆச்சு, அவ்வளவுதான். புத்தகம் டிரங்குப் பெட்டி மேல் கிடந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் அதைத் துடைக்கிற மாதிரி எடுத்தேன், திரும்பவும் வைத்துவிட்டேன்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை திருச்சானூருக்குக் கிளம்பினோம். திருப்பதி பாசஞ்சர். பாகாலாவில் எப்போதும்போல வண்டி மனசு வரும்வரை நின்றது. எங்களுக்கு எதிரே வேலூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, குழந்தைக்கு முதல் மொட்டை போட மலைக்குப் போகிறது. மேலே சாமான் வைக்கிற கம்பியில் புடவையைக் கட்டித் தூளி போட்டு அதில் பிள்ளையை விட்டிருந்தார்கள். பிள்ளையின் தாய்க்குப் பசி. இட்லிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அலமேலுவைப் பார்த்து, "யக்கா, கொஞ்சம் ஆட்டிக்கினு இரு. துன்னுட்டு கை கழுவிக்கினு வந்துடறேன்" என்று போய்விட்டாள்.

அலமேலு ஆட்டினாள். புடவைக்கு வெளியே ஒரு பாதம் நீண்டது. மெதுவாக உள்ளே தள்ளினாள். திரும்பவும் நீண்டது. திரும்பவும் தள்ளினாள். வண்டி கிளம்பி ஓடியது. சந்திரகிரிக் கோட்டை மலை ஜன்னலில் வருகிற வரைக்கும் இதுவே நடந்தது. அப்புறம் என்னைப் பார்க்காமலே கேட்டாள்:

"இன்னாங்க, அந்த வண்டியில இத்த எங்க கட்டறது?"

"எத்த?"

"தூளிய."

"பின் சீட் வச்ச வண்டியே எழுதிக்கலாம் அலமேலு. நான் சும்மா தமாசுக்கு..."

"சீட்டு கீழதான கீது? தூளிக்கு மேல வேணும். அந்த வண்டியில மேல ஒண்ணுமே இல்லையே. துணிக் கூரையில கம்பி ஏதாச்சும் தாங்குமான்னு மொதல் நாள்லேந்து அத்ததான் பாத்துக்கினு இருந்தேன்."

இத்தனை ஞாயிறும் நான் கார் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பார்த்தது கார் இல்லை.

அந்தத் தாய் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "அட, தூங்கிட்டானே! எங்கிட்ட ஒரு நாளு இப்பிடித் தூங்கினதில்ல. ராசியான கை யக்கா உனுக்கு. எத்தினி புள்ளைங்க?"

நான் குனிந்து செருப்பைத் தேடுகிற மாதிரி பாவனை செய்தேன்.

"இன்னும் வரல. வரும்" என்றாள் அலமேலு, பஸ் எப்போது வரும் என்று கேட்டவருக்குச் சொல்கிற மாதிரி.

திருச்சானூர்க் கோயிலில் அன்றைக்கு நான் வேண்டியதை இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன். "தாயே, எனக்கு வண்டி வாகனம் எதுவும் வேணாம். அவ தூளி கட்ட ஒரு கம்பி குடு." என் படிப்புக்கு அவ்வளவுதான் கேட்கத் தெரிந்தது. தாயாருக்குப் புரியாதா? மறு வருஷமும் கழிந்து, அதற்கடுத்த வருஷம் பத்மா பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வாடகை அம்பாசிடரில் அழைத்து வந்தேன். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அலமேலு கையை உயர்த்திக் கூரையை டொக்கு டொக்கென்று தட்டினாள். டிரைவர் திரும்பி, "ஏமம்மா?" என்று தெலுங்கில் விசாரித்தார். "ஏமி லேதண்ணா" என்று ஒன்றுமில்லாத மாதிரி சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்புக்கு இன்னும் எத்தனை தடவை வேண்டுமானாலும் மலை ஏறலாம்.

புத்தகம்? பத்மா பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அந்த வழவழப்பான தாள்களெல்லாம் அவளுடைய நோட்டுகளுக்கு அட்டையாகப் போயின. கணக்கு நோட்டுக்கு ஒரு கார், தெலுங்கு நோட்டுக்கு ஒரு கார். "உங்க நைனா வண்டியா இது?" என்று பிள்ளைகள் கேட்டால், "ஆமா, வீட்ல நிறுத்த எடமில்ல" என்று சொல்லுவாளாம். ஆர்டர் பாரம் எங்கே போனதென்று தெரியவில்லை.

பேக்டரி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். ஜூன் மாசம் அந்தப் பக்கம் போனால் பிரியாணி வாசனைதான் வருகிறது. திருப்பதி ரயில் கரெண்டில் ஓடுகிறது, பாகாலாவில் சட்டென்று கிளம்பிவிடுகிறது. போன மாசம் அதில் போனேன். பிள்ளைகள் எல்லாம் தாய் மடியில் போனைப் பார்த்துக்கொண்டு வந்தன. ஒரு புடவையும் தொங்கவில்லை.

பத்மா காட்டிய காருக்குப் பின் சீட் இல்லை. காரைக் காட்டினவுடனே அதைப் பார்த்துவிட்டேன். அவளுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். வேண்டாமென்று இருக்கிறார்களோ, வேண்டிக்கொண்டு இருக்கிறார்களோ, அது எனக்குத் தெரியாது. நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். அலமேலு இருந்தால் ஒரு மகளிடம் எதை எப்படிக் கேட்க வேண்டுமோ அப்படிக் கேட்டிருப்பாள். எனக்கு அந்தப் பக்குவம் வராது.

அதனால் அவள் எதைத் தொட்டாலும், "நல்லாகீதும்மா" என்றேன். சக்கரம் நல்லாகீது. நூலு நல்லாகீது.

"இன்னா நைனா, எல்லாத்துக்கும் நல்லாகீது, நல்லாகீதுன்னே சொல்ற? உனுக்குன்னு ஒண்ணு சொல்லு."

யோசித்தேன். அந்த நாளில் நான் எதைச் சொன்னாலும் எதிரே உட்கார்ந்து வேண்டாமென்று சொல்ல ஒருத்தி இருந்தாள். அவள் வேண்டாமென்று சொன்ன பிறகுதான் எனக்கு எது வேண்டுமென்றே தெரியும். அலமேலு ஒரு கருப்புத் துண்டைக்கூட வீட்டுக்குள் விட்டதில்லை. கருப்பில் சட்டை எடுத்து வந்தால் கடைக்கே திருப்பி அனுப்புவாள்.

"கருப்பு வை" என்றேன். சொல்லிவிட்டுக் காத்திருந்தேன்.

"சரி நைனா" என்றாள் பத்மா. இரண்டு சீட்டும் கருப்பாயின.