நெல்லிமுள்ளித் தண்ணீர்

தலைசுற்றல் என்று போன மாதம் கம்பத்தில் ஒரு டாக்டரிடம் போனேன். மல்லியும் நெல்லிமுள்ளியும் ஊறவைத்துக் குடிக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"குடிங்க, கெடுதல் இல்ல. ஆனா அதுலதான் கிறுகிறுப்பு நிக்கிதுன்னு சொல்றதுக்குச் சரியான ஆதாரம் இல்ல. தானாவும் நின்னிருக்கலாம்ல? உங்களுக்குத் தெரிஞ்சு யாருக்காச்சும் கேட்டுச்சா?" என்றார்.

அந்த மருந்துக்கு எங்கள் தெருவில் சாட்சியாக நின்றவனே நான்தான். அதுவும் பொய்ச் சாட்சி.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அதற்குமேல் படிக்கவில்லை. அப்பா எங்களோடு இல்லை. அம்மா கூடலூர்ப் பக்கம் திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போனாள். பந்தலுக்கு அடியில் நின்று நாள் முழுக்க அண்ணாந்தபடி கொத்துகளில் நெருக்கமான பிஞ்சுகளைக் கிள்ளிக் கழிக்க வேண்டும். அண்ணாந்தால் அம்மாவுக்குக் கிறுகிறுவென்று வந்தது. இரண்டு தடவை அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "இன்னொருவாட்டி உக்காந்தா வேற ஆளக் கூப்புட்டுக்கிருவேன்" என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அந்த வேலை போனால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது.

தேவாரம் ஊரிலிருந்து பெரியம்மா ஒரு பை நெல்லிமுள்ளி கொண்டுவந்தாள். கொட்டை எடுத்துக் காயவைத்த நெல்லிக்காய். "ஒரு கை மல்லி, நாலு நெல்லிமுள்ளி. ஊறப்போட்டுக் காலையில வெறும் வயித்துல குடி. ஒரு மண்டலம் விடக்கூடாது, ஆமா." ஊறப்போடுவதும் வடித்துக் கொடுப்பதும் என் பொறுப்பு.

நெல்லிமுள்ளியை மென்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் இனிக்கும். பள்ளிக்கூடக் குழாயடியில் இந்த அதிசயத்தை ஒருவனுக்குக் காட்டினேன். மறுநாள் வகுப்பே என் பின்னால் வந்தது. அதுவரை யாரும் ஏறிட்டுப் பார்க்காத பையன் நான். பத்து நாளில் பை காலி.

அடி வாங்கப் பயந்து, கொஞ்சம் புளியை உருட்டி மல்லியோடு ஊறப்போட்டேன். நிறமும் புளிப்பும் ஏறக்குறைய வந்துவிட்டன. அம்மா முகம் சுளிக்காமல் குடித்தாள்.

சில நாள் கழித்துப் பக்கத்து வீட்டு அத்தை விசாரித்தாள்.

"என்னடி, கிறுகிறுப்பு எப்படி இருக்கு?"

"அது போன எடம் தெரியல மதினி" என்றாள் அம்மா.

"அப்ப உம்மகன் கைராசிக்காரன்தேன். ஏலே வைத்தியரே, நானும் ஒரு வாரமா எந்திரிச்சா ஆடுறேன். எனக்கும் ஒரு டம்ளர் ஊறப்போடுறா."

அன்றே சொல்லியிருக்க வேண்டும். 'வைத்தியரே' என்ற சொல் இனித்தது. மறுநாளிலிருந்து இரண்டு டம்ளர் புளித்தண்ணீர். ஒரே வாரத்தில் அத்தையும் தேவலை என்றாள். தெருவில் நான் போனால் பெண்கள் கூப்பிட்டு வைத்துப் பேசினார்கள். மருந்து பொய் என்பது எனக்குத் தெரியும். ஆனால் கேட்கிறதே என்று ஆச்சரியமாகவும் இருந்தது. நாளாக நாளாக, என் கையில் நிஜமாகவே ஏதோ இருக்கிறது என்று நம்பத் தொடங்கினேன்.

ஒரு சனிக்கிழமை தூக்குவாளியில் சோறு கொண்டுபோனேன். வரப்பில் நின்ற மேஸ்திரி சிரித்தார். "வாங்க வைத்தியரே! உங்காத்தா இப்பல்லாம் உக்கார்றதே இல்ல. நல்ல மருந்துதேன்." நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பந்தலுக்குள் நுழைந்தேன்.

மற்ற பெண்கள் முன்னால் போய்விட்டிருந்தார்கள். அம்மா கடைசியில் நின்றாள். ஒரு கையால் பந்தலின் கல்தூணைக் கட்டிப் பிடித்திருந்தாள். கண்கள் இறுக மூடியிருந்தன. உதடுகள் அசைந்தன. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, அண்ணாந்து, அவசரமாக ஒரு கொத்தில் பிஞ்சு கழித்தாள். உடனே மறுபடியும் தூணைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். கொத்துக்குக் கொத்து அப்படித்தான். தூணைப் பிடித்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

என் புளித்தண்ணீருக்கும் சாமி மனமிரங்கிவிட்டது, அதற்குத்தான் அம்மா கும்பிட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். அவளைக் கூப்பிடவில்லை. தூக்குவாளியைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு, நானும் கண்ணை மூடிக் கும்பிட்டேன்.