தினமும் கூப்பிடுகிற சாரிகா

என் வீட்டுக்காரர் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். இரண்டு பேர் நின்றால் மூன்றாம் ஆளுக்கு இடமில்லாத கடை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் அவருக்கு. நான் ஒரு மணி நேரம் பேசினால் பதிலுக்கு "ம்" வரும், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு ஐம்பது வயதில் சமஸ்கிருத ஆசை பிடித்தது. தபால் வழிப் பாடம். வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதிப் பழகுவார்.

ஒருநாள் துவைக்க எடுத்த சட்டைப் பையில் ஒரு சீட்டு இருந்தது. 'சாரிகா பிரதிதினம் மாம் ஆஹ்வயதி.' சமஸ்கிருதம் தெரியாவிட்டால் என்ன, பிரதிதினம் தெரியாதா எனக்கு? சாரிகா பெண் பெயர் என்பது தெரியாதா? துணியை அப்படியே போட்டுவிட்டு, சான்றிதழ்களை மொழிபெயர்த்துக் கொடுக்கும், சமஸ்கிருதமும் தெரிந்த ஒரு அம்மாவிடம் ஓடினேன்.

"சாரிகா தினமும் என்னைக் கூப்பிடறா," என்று படித்தார் அந்தம்மா.

"அடப்பாவி!"

"இருங்கம்மா. சாரிகான்னா மைனாவும்தான். 'கூப்பிடறா'ன்னும் வரும், 'கூப்பிடுது'ன்னும் வரும். அந்த மொழியில ரெண்டுக்கும் ஒரே வினைதான்."

"இதுல எது?"

"எழுதினவரைத்தான் கேக்கணும்."

மைனாவாம், மைனா! யார் காதில் பூ சுற்றுவது? நேரே கடைக்கு நடந்தேன். வாசலிலேயே அவர் குரல் கேட்டது.

"என்னடி கண்ணு, நேத்து முழுக்க வரவேயில்லை? உடம்பு சரியில்லையா?"

"எங்கே அவ?" என்று கத்திக்கொண்டே உள்ளே பாய்ந்தேன். பின்பக்க ஜன்னல் கம்பியில் ஒரு மைனா. கீழே பிஸ்கட் தூள். என்னைப் பார்த்ததும் பறந்துவிட்டது.

"ஏன் இப்படிக் கத்தறே? பயந்து ஓடிடுச்சு பாரு," என்றார்.

நியாயமாக எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். பொறாமைதான் இரண்டு மடங்கானது.

"போன மாசம் பத்து நாள் தங்கச்சி வீட்டுல இருந்துட்டு வந்தேனே, ஏன் வரலைன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? சர்க்கரை டப்பா எங்கேன்னுதானே கேட்டீங்க! அதுகிட்ட மட்டும் எப்படிங்க பேச்சு வருது?"

அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது என்ன சொன்னாலும், நான் ஏதோ தப்பு பண்ணிட்ட மாதிரி இருக்காது," என்றார் மெதுவாக.

இதற்குச் சாரிகா ஒரு பெண்ணாகவே இருந்திருந்தால் தேவலை.