கழுவிய டிரம்மில் குடிதண்ணீர்

மூன்று வருடத்துக்கு முந்தைய கோடை அது. அருப்புக்கோட்டைக்கு வெளியே ஒரு சாயப்பட்டறையில் கழிவுகளைப் பிரித்து வைக்கும் வேலை எனக்கு. அட்டை, பாலிதீன், நூல் கழிவு எல்லாம் தனித்தனியாகப் போகும். ரசாயனம் வரும் நீல டிரம்கள் காலியானதும் வெளிப்புறம் அடியோரமாகச் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு இழுப்பேன். யாரும் மறுபடி புழங்கக் கூடாது என்று அதற்கு அர்த்தம். வெட்டி, அரைத்து, உருக்கக் கொடுப்பதாகச் சொல்லி ஒரு வியாபாரி அவற்றை வேனில் ஏற்றிப் போவார்.

எனக்கு அவர் மேல் முதலிலிருந்தே சந்தேகம். வெட்டப் போகிற டிரம்மை ஏன் கீறல் விழாமல் வைக்கோல் வைத்து அடுக்குகிறார்? ஒரு மூடி குறைந்தாலும் ஏன் தேடி அலைகிறார்? ஒருநாள் கேட்டே விட்டேன்.

"ஏண்ணே, வெட்டுற சாமானுக்கு மூடி எதுக்கு?"

"பொண்ணு வீட்டுச் சீரு மாதிரி பத்திரமாக் கொண்டு போறேன்னு வையி. ஒனக்கு என்னய்யா?" என்று சிரித்தார்.

நான் கூச்சக்காரன். அடுத்த டிரம்முக்குக் கோடு இழுக்கப் போய்விட்டேன்.

அந்த மாதமே பரளச்சிப் பக்கம் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். அங்கே கோடையில் குடிதண்ணீர் லாரியில்தான் வரும். வருகிறபோது பிடித்து வைத்தால்தான் உண்டு. வாசலில் புதிதாக ஒரு நீல டிரம், நிறையத் தண்ணீர். தங்கச்சி சொம்பில் மொண்டு கொடுத்தாள். குடிக்காமல் குனிந்து டிரம்மின் அடியோரம் பார்த்தேன். சுரண்டியும் போகாத சிவப்புக் கோடு.

"இதுல குடிக்காதீக. எங்க பட்டறைல சாய மருந்து வந்த டிரம்மு இது."

அவள் புருஷனுக்கு முகம் மாறிவிட்டது. "சோப்புப் போட்டு நல்லாக் கழுவியாச்சு மச்சான். டவுனுல வேலை பாத்தா எங்க வீட்டுத் தண்ணி எறங்காதோ?"

அதற்குள் தங்கச்சி மகள் டம்ளரோடு வந்து டிரம்மில் கையை விட்டாள். எனக்கு விளக்கிச் சொல்லத் தெரியவில்லை. அவளை விலக்கிவிட்டு, தோளைக் கொடுத்து டிரம்மைச் சாய்த்துவிட்டேன். அவ்வளவு தண்ணீரும் தெருப் புழுதியில் ஓடியது. ஊரே கூடிவிட்டது.

"ஒங்க அண்ணனுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று மாப்பிள்ளை கேட்க, தங்கச்சி அழுதாள். அடுத்த லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

மறுநாள் மேனேஜரிடம் சொன்னேன். அவர் என்னையே சந்தேகப்பட்டார். "நீங்களே வெளிய வித்துட்டு அந்த ஆளு மேல பழி போடுறீகளா?"

"நீங்களே வந்து பாருங்க சார்" என்றேன். வந்தார். அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு அதே கோடு.

பிறகு கம்பெனி அந்த டிரம்களை வாங்கிக்கொண்டு புது டிரம்கள் கொடுத்தது. வியாபாரியை நிறுத்தியது. இப்போது கேட்டைத் தாண்டும் முன்பே நாங்களே டிரம்களை வெட்டிவிடுகிறோம். உருக்கும் இடம் வரை வண்டியோடு எங்கள் ஆள் ஒருவர் போகிறார்.

மாப்பிள்ளை இன்றும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லையே, அப்படியானால் நான் கிளப்பியது வீண் பீதிதானே என்கிறாராம். இருக்கட்டும். வாசலைத் தாண்டியதும் குப்பை ஒழிந்தது என்று எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்கள். என்னால் மட்டும் ஒவ்வொரு வண்டி கிளம்பும்போதும், இது யார் வீட்டுக்குப் போய் நிற்குமோ என்று கேட்காமல் இருக்க முடிவதில்லை.