கல்யாணத்துக்கு ஒரு மரம் குறைந்தது

தாத்தா சம்பளம் வாங்கியதெல்லாம் ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டித்தான். ஆனால் யாராவது என்ன வேலை என்று கேட்டால், கூசாமல் "விவசாயம்" என்பார். பெடாஸ் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், ஆற்றோரமாக நிர்வாகம் கண்டுகொள்ளாமல் விட்ட ஒரு துண்டு நிலம் அவருடைய கொல்லை. காலையில் வெட்டு, மத்தியானத்துக்கு மேல் கொல்லை. வாழை, மரவள்ளி, பாகல். மனுஷன் வெட்டுக்குத் தூங்கிக்கொண்டே போகிறார், கொல்லையில்தான் கண் முழிக்கிறார் என்று தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்தில் சொல்வார்கள். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். சொத்தாக எனக்கு வந்தது அவருடைய இடுப்புவலி மட்டும்தான். அதையும் நான் உழைக்காமலே சம்பாதித்துக்கொண்டேன்.

தோட்டத்தில் எந்த வீட்டுக் கல்யாணம் என்றாலும், வாசலில் கட்டுகிற குலை தள்ளிய ஜோடி வாழைமரம் தாத்தாவின் கொல்லையிலிருந்துதான் போகும். தேதி குறித்ததும் வந்து சொல்லிவிட வேண்டும். எந்தக் குலை அன்றைக்குத் திரண்டும் பச்சையாகவும் இருக்கும் என்று பார்த்து, இரண்டு மரத்தில் சிவப்புத் துணி கட்டிவிடுவார். அப்புறம் அந்த மரத்தை யாரும் தொடக்கூடாது. வெட்டுகிற அன்று குலையை ஈரச்சாக்கால் சுற்றி, கழுத்து ஒடியாமல் மரத்தோடு சேர்த்துக் கட்டி, ஆளுக்கொரு முனையாகத் தோளில் தூக்கி வர வேண்டும். என் கல்யாணத்துக்குத் தூக்கியபோது, "பாடை தூக்குற மாதிரி இருக்கு தாத்தா" என்று வாயை விட்டேன்.

"பின்ன? உனக்கு இன்னிக்கு அதுதாண்டா நடக்குது" என்றார்.

பிறகு தோட்டம் கைமாறியது. வீடமைப்புத் திட்டம் வருகிறது என்று லயத்தைக் காலி செய்தார்கள். தாத்தா டவுன் பக்கம் ரஹாங்கில் இருக்கிற என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வீட்டு முன்னால் முழுக்க சிமெண்டு. காலி பெயிண்டு வாளியில் ஒரு கறிவேப்பிலைச் செடி வைத்து, தினமும் காலையில் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பார், ஜெயிலில் இருக்கிற சொந்தக்காரனைப் பார்க்கப் போனவர் மாதிரி. எனக்கு லீவு கிடைக்கிற நாளெல்லாம் அவரைக் கொல்லைக்கு ஏற்றிப்போக வேண்டும். ஃபேக்டரி ஷிப்ட் முடித்த கண்ணோடு நான் ஓட்டுவேன், பக்கத்தில் அவர் கொட்டாவி விடுவார். யார் யாரை எழுப்புவது என்று தெரியாமல் போய்ச் சேர்ந்துவிடுவோம்.

தங்கச்சிக்குக் கல்யாணம் கூடியது. "என் பேத்திக்கு நான்தான் மரம்" என்று தாத்தா போய் இரண்டு மரத்தில் துணி கட்டினார். நான் கட்டுகிறேன் என்றதற்கு, "நீ ஷூ கயிறு கட்டினாலே நிக்காது, தள்ளு" என்றார். அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்திருந்த சமயம். முடிச்சுப் போடவே வெகுநேரம் பிடித்தது.

கல்யாணம் முடிந்த பிறகுதான் கொல்லைப் பக்கம் மண்ணைத் தோண்டுவோம் என்று வீடு கட்டுகிற கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். மரம் வெட்ட நாங்கள் பாராங் கத்தியும் சாக்குமாகப் போனபோது, மண்வாரி மெஷின் எங்களுக்கு முன்னால் வந்து கொல்லையைச் சிவப்பு மண்ணாக ஆக்கி வைத்திருந்தது. நடுவில் ஒரே ஒரு வாழைமரம், குலையோடு.

மெஷின் ஓட்டுகிற இந்தோனேசியக்காரர் இறங்கி வந்து கைகூப்பினார். சிவப்புத் துணியைப் பார்த்ததும் ஏதோ சாமி இருக்கிற மரம் என்று பயந்து, அதை மட்டும் தொடாமல் விட்டிருக்கிறார். காலையில் அதற்குச் சிகரெட் ஒன்று பற்ற வைத்துப் படையல் வேறு.

இன்னொரு மரத்துத் துணி, மழையில் அவிழ்ந்து சேற்றில் கிடந்தது. தாத்தா அதை எடுத்து உதறினார்.

"நல்லாத்தான் கட்டுனேன்" என்றார்.

ஒற்றை மரத்தை வாசலில் நிறுத்த முடியாது. அலங்காரம் செய்கிறவனிடம் சொன்னால் அவனே ஒன்று கொண்டுவருவான் என்றேன்.

"ஊருக்கெல்லாம் குடுத்துட்டு, சொந்தப் பேத்திக்குக் கடைமரமா?"

"அப்ப எங்கேயாவது கேட்டுப் பார்ப்போம்லா தாத்தா."

இருந்த ஒற்றை மரத்தை வெட்டி, சாக்கு சுற்றி, கார் கூரையில் கட்டினோம். ஆற்றுக்கு அந்தப்பக்கம் இருக்கிற மலாய்க்காரர் கிராமத்துக்கு, கம்பம் என்பார்கள், காரை விட்டேன். ஒரு வீட்டுப் பின்பக்கம் குலையும் இலையுமாக வாழை. காரை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன்.

"நீ போய்க் கேளு."

"நீங்கதானே மலாய் நல்லாப் பேசுவீங்க?"

"மலாய் வருது. கேக்கத்தான் வரல."

எனக்கு மலாய் சுமார். கேட்பது நன்றாக வரும். பக்கத்து வீட்டில் ஏணி, ஆபீஸில் லீவு, மாமனார் வீட்டில் இரண்டாவது தட்டு என்று சின்ன வயதிலிருந்தே நல்ல பழக்கம். கதவைத் தட்டினேன். வந்த மலாய்க்கார அம்மா, கல்யாணத்துக்கு என்றதும் நேரே பின்பக்கம் கூட்டிப்போய், எது வேண்டுமோ பார்த்துக்கொள் என்றார்.

நான் ஒரு மரத்தைக் காட்டியதுதான் தாமதம், காரில் உட்கார்ந்திருந்த மனுஷன் எப்படி வந்தாரோ, பின்னால் நிற்கிறார். "அது நாளைக்கே பழுத்துரும்டா, முட்டாப்பயலே." சுற்றிப் பார்த்து, ஓரத்தில் இருந்த சின்னக் குலையைத் தொட்டார். அந்த அம்மா விடவில்லை. கல்யாணத்துக்குப் போய்க் கஞ்சத்தனமா என்று அதட்டி, இருப்பதிலேயே பெரிய குலையைக் காட்டினார். தாத்தா தலையைக் குனிந்தபடி வெட்டினார். சாக்கு சுற்றி முடித்ததும் காரைத் திறந்து எதையோ தேடினார்.

"என்ன தாத்தா?"

"திருப்பிக் குடுக்க ஒன்னுமில்லையேடா."

காரில் இருந்தது நான் பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட். அதை எடுத்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. வெறுங்கையோடு அந்த அம்மாவுக்கு முன்னால் போய் நின்று, மலாயில் என்னவோ மெதுவாகச் சொன்னார். திரும்பி வந்து ஏறிக் கண்ணை மூடிக்கொண்டார். வீடு வரைக்கும் திறக்கவில்லை.

லோபாக்கில் கல்யாண மண்டபம். வாசலில் இரண்டு மரமும் ஜோராக நின்றன. பழைய தோட்டத்து ஆட்கள் வருகிறவர்கள் எல்லாரும், வாசலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தாத்தாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பெரிய குலையைத் தட்டிப் பார்த்துத்தான் உள்ளே போனார்கள். ஒவ்வொருவரிடமும், "அது நம்மளது இல்ல. கம்பத்துல கேட்டு வாங்குனது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் கேட்காததற்கு எதற்குத் தாத்தா பதில் என்றேன். சும்மா இருடா என்றார்.

சாப்பிட்டு வெளியே வந்த ஒருவர், பக்கத்து லயத்தில் இருந்தவர், பழக்கதோஷத்தில் அவர் முன்னால் வந்து நின்றார்.

"தையில எம்மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன் தாத்தா. ரெண்டு மரம் பாத்து வைங்க."

கொல்லை போன கதை அவருக்குத் தெரியாது போலிருக்கிறது.  தாத்தா என் பக்கம் கையைக் காட்டினார்.

"இவன்கிட்ட சொல்லிவைப்பா. இவன் கம்பத்துல போய் வெக்கப்படாம கேப்பான்" என்றார். "மரம் பாத்துப் பாத்து எனக்கு அலுத்துப்போச்சு."