எட்டு கண்டென்சர்களும் சமையலறைப் பக்கமும்

மயிலாப்பூரில் எங்கள் அடுக்ககத்துக் கிணற்றில் தினமும் காலையில் கயிறு விட்டு நீர்மட்டம் அளந்து, கணினியில் ஏற்றி வைப்பது என் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை. அந்தக் கணினி மூன்று வாரமாகத் தானாக அணைவதும் எரிவதுமாக இருந்து, ஒரு புதன்கிழமை ஒரேயடியாகப் படுத்துவிட்டது.

அடையாற்றில் இருக்கும் என் பெண் ஃபோனில், "ஞாயித்துக்கிழமை புது லேப்டாப்போட வரேம்ப்பா. பழச எடுத்துண்டு போய்த் தூக்கிப் போட்டுடறேன்" என்றாள்.

புதிதில் எது எங்கே இருக்கிறது என்று மாப்பிள்ளையைத்தான் கேட்க வேண்டும். நல்ல மனிதர். ஆனால் சொல்லிக்கொடுக்கும் பொறுமை நான்கு நிமிடம்தான். இரண்டு முறை கடிகாரம் பார்த்திருக்கிறேன். ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்குள் பழையது ஓடியாக வேண்டும்.

சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பெட்டியைத் திறந்தேன். மதர்போர்டைத் தாங்கிய திருகாணிகள் ஒன்பது. அதன்மேல் சுண்டுவிரல் நுனி அளவில் நின்ற உருளைகள் இருபத்தாறு. கெபாசிட்டர் என்பது புத்தகப் பெயர். கடையில் கேட்டால் கண்டென்சர். தலை தட்டையாக இருந்தால் நல்லது. எட்டு, பூரி மாதிரி உப்பியிருந்தன.

"நம்மாத்து ஃபேன்ல மாத்துவேளே, அதுவா?" என்றாள் மனைவி.

அதன் அண்ணன் தம்பிதான். ஆனால் ஃபேனில் இருப்பதை எப்படி மாட்டினாலும் சுற்றும். இதற்குத் திசை உண்டு. உருளையின் பக்கவாட்டில் இருக்கும் வெளிர்க் கோடு மைனஸ் கால் எது என்று காட்டும். மாற்றி வைத்தால் வெடிக்கும். வெடிக்கும் என்று தெரிந்தபின் என்னால் சும்மா இருக்க முடியாது. ஒரு தாளில் எழுதினேன்: ஒன்று, கோடு தெற்கே. இரண்டு, கோடு தெற்கே. எட்டும் தெற்கேதான். எட்டு முறை எழுதினேன்.

சனிக்கிழமை தி. நகரில் மாடியில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாயிடம் போர்டைக் கொண்டுபோனேன். படிகள் பத்தொன்பது. பாய் பார்த்த மாத்திரத்தில், "இன்னா சார், எட்டும் வயிறு உப்பிக்கீது" என்றார். எண்ணிக்கை சரியாக இருந்ததில் எனக்கு அவர்மேல் மதிப்பு வந்தது. ஈயத்தை உருக்கி எட்டையும் பிடுங்கி ஒரு டப்பா மூடியில் போட்டார்.

புதியதை எடுத்தபோது என் தாளை நீட்டினேன்.

"தெற்கா? எந்தத் தெற்கு சார்? என் கடைல தெற்கே வெத்தலைபாக்குக் கடதான் கீது."

அப்போதுதான் உறைத்தது. மேஜைமேல் போர்டு எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்று நான் எழுதவில்லை.

"வுடுங்க சார். போர்டுலயே ஒவ்வொரு வட்டத்துலயும் ஒரு பாதிக்கு வெள்ள அடிச்சிகீது பாருங்க. வெள்ள பக்கம் மைனஸ். எத்தினி போர்டு பாத்துகீறேன்!"

அவர் சூட்டுக்கோலை எடுத்தார். நான் கையைக் குறுக்கே நீட்டி, மனைவிக்கு ஃபோன் போட்டேன்.

"அன்னிக்கு மேஜையில அந்தப் பலகை எப்படி இருந்தது?"

"எப்படின்னா? காபிய வைக்க இடமில்லாம நின்னேனே! அதுல குட்டி ஃபேன் ஒண்ணு இருக்குமே, அது சமையலுள் பக்கம் இருந்தது. புடவைத் தலைப்பு மாட்டிக்கப் பாத்துது."

எங்கள் வீட்டில் சமையலறை தெற்கே. அப்படியானால் கோடு அந்தக் குட்டி ஃபேன் பக்கம் வர வேண்டும். போர்டிலோ வெள்ளை அதற்கு எதிர்ப்பக்கம் இருந்தது.

பாய் சிரித்தார். "அம்மா சொல்றாங்கன்னு ஒருவாட்டி பாத்துர்றேன்." மீட்டரை எடுத்து, ஒரு முனையைத் திருகாணி ஓட்டையில் வைத்து, மறுமுனையால் வெள்ளைப் பக்கத்தைத் தொட்டார். சத்தமில்லை. எதிர்ப்பக்கம் தொட்டார். பீப் என்றது. சிரிப்பு நின்றது.

"பீப் அடிக்கிற பக்கந்தான் மைனஸ். வெள்ளைய தலைகீழா அடிச்சி வச்சிகீறானே சார்! எட்டும் சரவெடி மாதிரி போயிருக்கும்." பிறகு போர்டைத் தட்டிக் காட்டினார். "பாருங்க, மிச்சத்துலயும் கோடு வெள்ளைக்கு எதிர்ல தான் கீது. கண்ணு முன்னால நிக்குது, நா பாக்கல."

மிச்சம் பதினெட்டு. நானும் அவற்றை எண்ணியிருந்தேனே தவிர, பார்க்கவில்லை.

எட்டையும் சமையலறை பார்க்க வைத்து முடித்தார். கடையிலிருந்த திரையோடு இணைத்ததும் ஒற்றை பீப் ஒலி வந்து, திரை ஒளிர்ந்தது. "அம்மாவுக்கு சலாம் சொல்லுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பெண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே வந்தபோது, பதினேழு அடி நான்கு அங்குலம் என்று ஏற்றிக்கொண்டிருந்தேன். கொண்டுவந்த லேப்டாப்பைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று மனைவி எடுத்துக்கொண்டாள். மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

கடிகாரம் பார்த்தேன். முப்பத்தொரு நிமிடம்.