அம்மாவின் ரத்த வகை

நான் தில்லியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் அறிவியல் டீச்சர். எங்கள் ஆய்வுக்கூடச் சுவரில் விஞ்ஞானிகளின் படங்கள் வரிசையாகத் தொங்கும். ஒருத்தர் முகத்திலும் சிரிப்பு கிடையாது. எல்லோரும் வயிற்றுவலியோடு போட்டோவுக்கு நின்ற மாதிரி இருப்பார்கள். பிள்ளைகளுக்கு அவர்கள் யார் என்பதில் அக்கறை இல்லை. குருதி என்று சொன்னால், "மிஸ், பிளட்னு சொல்லுங்க, சமஜ்ல வரும், புரியும்" என்பார்கள். சரி, பிளட் என்றே சொல்லிவிட்டுப் போகிறேன். ஆனால் ரத்த வகைகளைக் கண்டுபிடித்த அந்த வியன்னா டாக்டரைப் பற்றி நான் பேசும்போது யாராவது பின் பெஞ்சில் குசுகுசுத்தால் எனக்குக் கோபம் தலைக்கேறும்.

அந்த மனிதர் செய்த காரியம் அப்படி. தன் ரத்தத்தையும் கூட வேலை செய்தவர்களின் ரத்தத்தையும் எடுத்து, ஒன்றோடொன்று கலந்து பார்த்தார். சில ரத்தம் சேர்ந்துகொண்டது. சில ரத்தம் திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாக ஒதுங்கியது. எது எதோடு சேரும் என்று கட்டம் போட்டு எழுதிவைத்தார். அவருக்கு முன்னால், ஒருவர் ரத்தத்தை இன்னொருவருக்கு ஏற்றினால் சிலர் பிழைத்தார்கள், சிலர் செத்தார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியாது.

பாடம் முடியும்போது இன்னொன்றும் சொல்வேன். நம் பம்பாயில் சில டாக்டர்கள், அடிபட்டு வந்த ஒருவருக்கு ரத்தம் தேடியபோது எந்த ரத்தமும் சேராமல் போனதைக் கவனித்து, உலகத்துக்கே தெரியாத ஒரு வகையைக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பம்பாய் வகை என்றே பெயர். சாதாரணச் சோதனையில் ஓ மாதிரிதான் தெரியும். ஆனால் ஓ ரத்தத்தை ஏற்றினால் உடம்பு அதை எதிரியாகப் பார்க்கும். "க்விஸ்ல கேப்பாங்க, எழுதிக்குங்க" என்பேன். அதோடு மணி அடித்துவிடும்.

போன வருஷம் மழை ஓய்கிற சமயத்தில் என் தங்கைக்கு எட்டாம் மாதம். நஞ்சுக்கொடி கருப்பையின் வாயை அடைத்துக்கொண்டு கீழே இறங்கியிருக்கிறது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அன்று காலையில் உதிரப்போக்கு ஆரம்பித்துவிட்டது. நானும் அம்மாவும் மயூர் விஹாரிலிருந்து ஆட்டோவில் ஓடினோம். தங்கையின் கணவரும் அவர் அம்மாவும் அவளை ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். உதிரம் அப்போதைக்கு நின்றிருந்தது. திரும்ப ஆரம்பித்தால் நிற்காது, இன்றே அறுவை செய்து குழந்தையை எடுத்தாக வேண்டும், ஆனால் கையில் ரத்தம் இல்லாமல் தியேட்டருக்குள் கொண்டுபோக மாட்டேன் என்று பெண் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

தங்கை ஓ பாசிட்டிவ். சின்ன வயதிலிருந்து எல்லாச் சீட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. மாப்பிள்ளை வாட்ஸாப்பில் ஒரு செய்தி போட்டார். அவர் ஆபீஸிலிருந்து ஓ வகை ஆட்கள் கும்பலாக வந்து, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு ரத்த வங்கி வாசலில் நின்றுவிட்டார்கள். தில்லியைத் திட்டுகிறவர்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ரத்த வங்கிக்கு ஒரு கண்ணாடி ஜன்னல். அதில் கை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. உள்ளேயிருந்து பேசினால் மைக்கில் வெளியே கேட்கும். நாம் பேசுவது உள்ளே கேட்க வேண்டுமென்றால் குனிந்து கத்த வேண்டும். முகக்கவசம் போட்ட டாக்டர் ஒருவர் ஜன்னலுக்கு வந்து தங்கையின் பெயரைச் சொல்லி அழைத்தார். நாங்கள் நாலு பேரும் போனோம்.

"ஒரு பிரச்சினை இருக்கிறது" என்று ஹிந்தியில் ஆரம்பித்தார். எங்களிடம் இருக்கிற எந்த ஓ ரத்தமும் உங்கள் நோயாளிக்குச் சேரவில்லை, எல்லாம் கட்டுகிறது என்றார். இதற்கு முன் ரத்தம் ஏற்றியிருக்கிறதா என்று கேட்டார். இல்லை. இதற்கு முன் பிரசவம்? இல்லை. அப்புறம் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுக் கேட்டார், "இவருடைய அப்பாவும் அம்மாவும் கல்யாணத்துக்கு முன்னாலேயே சொந்தமா?"

அம்மா யோசிக்கவே இல்லை. "ஜீ நஹீ. அலக் அலக் பரிவார்" என்றாள். இல்லை, வேறு வேறு குடும்பமாம்.

டாக்டர் தலையாட்டிவிட்டு, அப்படியென்றால் வேறு ஏதோ எதிர்ப்பொருள் உருவாகியிருக்கிறது, அதைத் தேடிப் பார்க்கிறோம், நேரம் பிடிக்கும் என்று சொல்லி உள்ளே போனார். என் அப்பா வேறு யாருமில்லை, என் அம்மாவின் தாய்மாமன். அம்மாவைப் பெற்றவளின் கூடப்பிறந்த தம்பி.

தென்காசிப் பக்கத்தில் இது ஒரு செய்தியே கிடையாது. மாமன் இருக்கும்போது வெளியே கொடுத்தால்தான் ஏன் என்று கேட்பார்கள். தில்லி அப்படியில்லை. கல்யாணமான புதிதில் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் அம்மா வெள்ளந்தியாக இதைச் சொல்லப்போய், பக்கத்து வீட்டுக்காரி காதைப் பொத்திக்கொண்டாளாம். மறுநாள் மாடிப்படியில் பெண்கள் ஒதுங்கி நின்றார்களாம். அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம். ஹிந்திக்காரர்கள் கேட்டால் அப்பா வேறு ஊர், வேறு குடும்பம். அப்பா இறந்த பிறகும் அந்தச் சட்டம் அமலில்தான் இருந்தது. தங்கை ஹரியானாக்காரரைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டபோது அது இரும்புச் சட்டமாகிவிட்டது. அங்கே ஒரே கோத்திரம் என்றாலே வீட்டை விட்டு விலக்கிவைப்பார்கள். அந்தச் சம்பந்தியம்மாள்தான், முக்காடு நழுவியது தெரியாமல், என் அம்மாவின் தோளை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள்.

நான் அம்மாவைத் தூணுக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

"ஏம்மா பொய் சொன்னே? அவரு சும்மா ஊர்வம்புக்கா கேக்குதாரு?"

"மெல்லப் பேசுட்டி. சம்பந்தி நிக்குதா."

"நின்னா நிக்கட்டும். சொந்தத்துல கட்டுன வீட்டுலதாம்மா அந்த ரத்தம் அதிகமா வரும். இவளுக்கு அதுவாத்தான் இருக்கும். போய்ச் சொல்லு."

"நீ டாக்டரா? அவங்க மிஷின் வச்சிருக்காங்கள்லா, பாத்துக்கிடுவாங்க." அம்மா தூணுக்கு அந்தப் பக்கம் சம்பந்தியை எட்டிப் பார்த்தாள். "தெரிஞ்சா அவள அந்த வீட்டுல மதிப்பாங்களா? பொறக்கப்போற பிள்ளைய என்ன சொல்லுவாங்க?"

மிஷின்! ஒரு டாக்டர் இரண்டு பாதைகளில் எதில் முதலில் போவது என்று கேட்கிறார், இவள் தப்பான பாதையைக் கை காட்டிவிட்டு மிஷினை நம்பச் சொல்கிறாள். எனக்கு அவளை உலுக்க வேண்டும் போல இருந்தது. அதே சமயம் அந்த வீட்டைப் பற்றி அவள் சொல்வதில் பொய் எதுவும் இல்லை என்பதும் தெரிந்தது. அதுதான் என்னை இன்னும் கொதிக்க வைத்தது.

அம்மாவுக்குத் தெரியாமல் டாக்டரிடம் மட்டும் சொல்லிவிடலாம் என்று உள்ளே போகிற கதவுக்கு ஓடினேன். காவலாள் விடவில்லை. "மேடம், அந்தக் கிட்கிக்குப் போங்க, அங்கேருந்து பேசுங்க" என்று ஹிந்தியில் ஜன்னலைக் காட்டினான். கெஞ்சினேன், அதட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. அதற்குள் மேலேயிருந்து நர்ஸ் ஒருத்தி படியிறங்கி வந்து மாப்பிள்ளையிடம் ஏதோ சொன்னாள். அவர் முகம் வெளுத்தது. உதிரப்போக்கு மறுபடி ஆரம்பித்துவிட்டது.

நான் ஜன்னலுக்குப் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். அந்த டாக்டர் வந்தார். எனக்குப் பின்னால் ஆபீஸ் ஆட்கள், வரிசையில் நின்ற வேறு நோயாளிகளின் சொந்தக்காரர்கள், மாப்பிள்ளை, சம்பந்தியம்மாள். குனிந்து பேசினேன். கேட்கவில்லை என்று காதைத் தொட்டுக் காட்டினார். பிறகு கத்தினேன்.

"மாமா-பாஞ்ஜி! எங்க அம்மா அப்பா சகே மாமா-பாஞ்ஜி! பம்பாய் குரூப்பான்னு பாருங்க!"

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டாக்டர் ஒரு நொடி என்னைப் பார்த்தார், உள்ளே ஓடினார். அதை உறுதிப்படுத்த ஒரு செடியின் விதையிலிருந்து எடுத்த சாறு போதும். ஓ ரத்தம் என்றால் அதில் கட்டும், பம்பாய் ரத்தம் என்றால் கட்டாது. எனக்குப் பாடமாகத் தெரியும், கண்ணால் பார்த்ததில்லை.

திரும்பினால் சம்பந்தியம்மாள் என் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சகா மாமா?" என்றாள். சொந்தத் தாய்மாமனேயா என்று.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஹாங் ஜீ. சகா" என்றாள்.

சம்பந்தியம்மாள் அங்கிருந்து போய்விடவில்லை, திட்டவும் இல்லை. கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். ஜபமா வசவா என்று தெரியவில்லை. அம்மா நின்ற இடத்திலேயே நின்றாள். நான் அவள் கையைப் பிடித்தேன். உதறிவிட்டாள்.

பம்பாய் வகைதான். டாக்டரே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். இந்த ரத்தம் உள்ளவர்களின் பட்டியல் வைத்திருக்கும் தன்னார்வலர்களைக் கூப்பிட்டிருப்பதாகவும், குருகிராமில் வேலை பார்க்கும் ஒருவர் கிளம்பிவிட்டதாகவும், ஆனால் தில்லி டிராஃபிக்கில் அவர் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார். "குடும்பத்தில் யாருக்காவது இருக்கலாம். கூடப்பிறந்தவர் யார்?"

நான் கையை நீட்டினேன். என் மனசில் சந்தேகமே இல்லை. இவ்வளவு படித்து, இவ்வளவு கத்தி, கடைசியில் என் ரத்தம்தான் அவளுக்குப் போகும் என்று முடிவே செய்துவிட்டேன். என்னுடையது வெறும் ஓ. ஆபீஸ் ஆட்களோடு வரிசையில் நிற்க வேண்டிய ரத்தம். அவ்வளவு பெரிய ஏமாற்றத்தை நான் பட்டதில்லை.

அம்மாவின் துளி அந்த விதைச் சாற்றில் கட்டவில்லை.

இத்தனை வருஷமாக, இரண்டு பிள்ளை பெற்று, ஒரு துளி ரத்தம் யாரிடமும் வாங்காமல், தன்னிடம் என்ன இருக்கிறது என்று தெரியாமலே அவள் தில்லியில் காய்கறி வாங்கிக்கொண்டும் மதர் டெய்ரி பால்கடையில் வரிசையில் நின்றுகொண்டும் இருந்திருக்கிறாள். ஊசி என்றால் நடுங்குகிறவள். சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து, ரத்த அழுத்தம் பார்த்து, வயது கேட்டார்கள். ஐம்பத்தெட்டு. எடுக்கலாம் என்றார் டாக்டர். அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். "ஜல்தி எடுக்கச் சொல்லு" என்றாள் என்னிடம். பையில் சிவப்பு மெல்ல ஏறியது. அதற்குமேல் செய்ய வேண்டிய சோதனைகளை அவர்கள் முடிக்கிற வரைக்கும் என் உயிர் என்னிடம் இல்லை. மேலே பெண் டாக்டர் இரண்டு தடவை ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டார்.

அம்மாவின் பை மேலே போன பிறகுதான் தங்கையை உள்ளே கொண்டுபோனார்கள். குருகிராம்காரர் மெட்ரோவில் வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். வழியில் டிராஃபிக்கைப் பார்த்துக் காரை விட்டுவிட்டாராம். அவர் ரத்தமும் தேவைப்பட்டது. பெண் குழந்தை. எடை கம்மி என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். சம்பந்தியம்மாள் குழந்தையைப் பார்த்துவிட்டு வந்து, நர்ஸிடம் மட்டும் கேட்டாள், "பிள்ளைக்கும் அந்த ரத்தமா?" இல்லை என்றதும் கண்ணை மூடிக் கும்பிட்டாள். அதற்குப் பிறகு இன்றுவரை அந்தப் பேச்சை அவள் எடுத்ததில்லை. மறந்துவிட்டாள் என்று நான் நினைக்கவும் இல்லை. எங்கள் வீட்டுக்கு முன்பு மாதிரி அவள் வருவதில்லை.

மறுநாள் மத்தியானம் தங்கை எழுந்து சாய்ந்து உட்கார்ந்தாள். மாப்பிள்ளை எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருந்தார். நானும் அம்மாவும் போனபோது அவள் முதலில் குழந்தையைப் பற்றிப் பேசவில்லை. தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள், அவள் தமிழ் பாதி ஹிந்தியில்தான் வரும்.

"அம்மா, சச் சொல்லு, உண்மைய. டாக்டர் கேட்டப்ப ஏன் நஹீன்னு சொன்னே?"

அம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஊசி குத்திய இடத்தில் பஞ்சு இன்னும் ஒட்டியிருந்தது. நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாமா என்று பார்த்தேன். வேண்டாம் என்பது போல என்னைப் பார்த்தாள்.

"நீ அந்த வீட்டுல தலைநிமிந்து வாழணும்னு மட்டுந்தாம்ட்டி நெனச்சேன்" என்றாள். "நீ உசுரோட இருக்கணுமேங்கிறது அப்போ எனக்குத் தோணல."